முதுகுத்தண்டு அறுவை: விலா வழியாக ஒரு பாதை
இரண்டாவது அறுவைக்குச் சம்மதிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அறக்கட்டளை அலுவலகத்தைத் திறந்தபோது ஒரு சகோதரி எக்ஸ்ரே உறையுடன் காத்திருந்தார். அவருடைய கணவர் அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் நமது மருத்துவ உதவி நிதியிலிருந்தும் ஒரு தொகை பெற்று, முதுகில் ஸ்க்ரூ வைத்து அறுவை செய்துகொண்டார். இப்போது மீண்டும் அதே வலி. படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு ஒட்டவில்லை, ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் அறுவை செய்ய வேண்டுமாம், இம்முறை முதுகு வழியாக மட்டுமல்ல, பக்கவாட்டிலிருந்தும்.

அந்தச் சகோதரி என்னிடம் கேட்டது இதுதான்: "முதுகுல நோவு, விலாவுல கத்தி வைக்கிறேங்கிறாங்களே பாய், இது சரியா வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டது நான்தான். தொகை, மருத்துவமனை மதிப்பீடு, குடும்ப அட்டை நகல் எல்லாம் இருந்தன. அவர் நாளுக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பவர் என்பது ஊருக்கே தெரியும். புகை பிடித்தால் எலும்பு ஒட்டாது என்று அவரிடம் யாராவது சொன்னார்களா என்று நானும் கேட்கவில்லை, குழுவில் எவரும் கேட்கவில்லை. காசோலையைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

அதன் பிறகு நமக்கு அறிமுகமான எலும்பியல் மருத்துவர் ஒருவரிடம் இரண்டு மாலைகள் உட்கார்ந்து, படம் வரைந்து, விளங்காததைத் திரும்பத் திரும்பக் கேட்டு அறிந்துகொண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றும் அல்ல. மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதற்காக மட்டுமே இது.

முதுகுத்தண்டு எப்படி இருக்கிறது?

கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளில் அசையக்கூடியவை 24. அவற்றில் இடுப்புப் பகுதியில் உள்ளவை ஐந்து. மருத்துவர்கள் அவற்றை எல்1 முதல் எல்5 வரை எண்ணிட்டு அழைப்பார்கள். எல்5-க்குக் கீழே இடுப்புக்கூட்டோடு சேர்ந்திருக்கும் எலும்பு எஸ்1. அறிக்கையில் 'எல்4–எல்5' என்று இருந்தால், நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் இடைப்பட்ட இடம் என்று பொருள்.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பதுதான் நாம் 'ஜவ்வு' என்று சொல்லும் டிஸ்க். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே பிசின் போன்ற மென்பகுதி. டிஸ்க்குக்குப் பின்புறம் நரம்புகள் செல்லும் குழாய். ஒவ்வொரு மட்டத்திலும் இடமும் வலமுமாக ஒவ்வொரு நரம்பு சிறு வாசல் வழியே வெளியேறிக் காலுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் மென்பகுதி பிதுங்கி நரம்பில் அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்வது போல் இறங்கும். வயதாகி டிஸ்க் தேய்ந்து உயரம் குறைந்தால், அந்த வாசலே குறுகி நரம்பு நெரிபடும்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் கால் வலி வருகிறது என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் விளக்கி எழுதினார்கள். அதற்கு முன் அந்த வலிக்கு வேறு பல காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஒன்று: பெரும்பாலானோருக்கு அறுவை தேவையில்லை

எம்.ஆர்.ஐ. படத்தில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பயந்துவிடுகிறோம். வலியே இல்லாதவர்களுக்குப் படம் எடுத்தாலும், நடுத்தர வயதுக்கு மேல் பலருக்கு அப்படி ஏதாவது தெரியும். படத்தில் தெரிவதும், உங்களுக்கு இருக்கும் வலியும், மருத்துவர் காலைத் தூக்கியும் தட்டியும் பரிசோதித்து அறிவதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாமல் படத்தை மட்டும் வைத்து அறுவை செய்யக் கூடாது.

நெதர்லாந்தில் கடுமையான கால் வலியுள்ள 283 பேரை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மறு பிரிவுக்கு மாத்திரை, பொறுமை, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. உடனே அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 95 பேர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். காத்திருந்த பிரிவில் பத்துக்கு ஆறு பேர் அறுவை இல்லாமலேயே அந்த நிலையை அடைந்தார்கள்.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப் போவது, கால் வேகமாக வலுவிழப்பது — இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் நரம்பு மீளாமல் போகலாம். அதேபோல் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் கூடும் முதுகு வலி இருந்தால் அது டிஸ்க்காக இல்லாமல் முதுகெலும்புக் காசநோயாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். அந்த நிலையில் எண்ணெய் தடவி நீவுவதும், எலும்பு வைத்தியரிடம் இழுத்துவிடச் சொல்வதும் ஆபத்து.

'எலும்பை இணைப்பது' என்றால் என்ன?

வெறும் டிஸ்க் பிதுங்கலுக்கு, பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். ஒரு எலும்பு மற்றொன்றின் மேல் வழுக்கி நகர்ந்திருந்தாலோ, தண்டு வளைந்திருந்தாலோ, டிஸ்க் முற்றிலும் தேய்ந்து அசையும்போதெல்லாம் நரம்பு நெரிபட்டாலோ, அந்த இரண்டு எலும்புகளையும் ஒரே எலும்பாக ஒட்ட வைக்கிறார்கள். இதற்கு இணைப்பு அறுவை, அதாவது ஃபியூஷன் என்று பெயர். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதைச் செய்து எழுதினார்கள். அன்று பெரும்பாலும் முதுகெலும்புக் காசநோயாளிகளுக்காகவே அது செய்யப்பட்டது.

இன்று, கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கேஜ்' என்னும் சிறு கூண்டை வைக்கிறார்கள். அது டைட்டானியம் என்ற உலோகத்தாலோ ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்காலோ ஆனது. அதற்குள் எலும்புத் துகளை நிரப்புகிறார்கள். ஸ்க்ரூவும் கம்பியும் தற்காலிகச் சாரம் மாதிரி. கட்டடம் எழும்பும் வரை சாரம் தாங்கும். கட்டடம் எழும்பவே இல்லை என்றால் சாரம் எத்தனை நாள் நிற்கும்? உள்ளே எலும்பு வளர்ந்து ஒட்டுவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும். அது ஒட்டாவிட்டால் என்றாவது ஒருநாள் ஸ்க்ரூ தளரும் அல்லது கம்பி உடையும். நமது சகோதரருக்கு நடந்தது அதுதான்.

முதுகு, வயிறு, விலா: மூன்று வழிகள்

டிஸ்க் இருக்கும் இடத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, முதுகு வழி. பல ஆண்டுகளாக அதிகம் செய்யப்படுவது. நரம்பு நெருக்கத்தை நேரடியாகப் பார்த்து விடுவிக்கலாம். ஆனால் முதுகுத் தசையைப் பிரிக்க வேண்டும், நரம்பை ஓரமாக ஒதுக்கி அதன் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும். வழி குறுகலாக இருப்பதால் வைக்கக்கூடிய கூண்டும் சிறியது: ஏறக்குறைய 10 மி.மீ. அகலம், 25 முதல் 30 மி.மீ. நீளம்.

இரண்டாவது, வயிற்று வழி. குடலை ஒதுக்கி முன்பக்கமிருந்து போவது. பெரிய கூண்டு வைக்கலாம். ஆனால் இதயத்திலிருந்து கால்களுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை நகர்த்தித்தான் டிஸ்க்கை அடைய முடியும்.

மூன்றாவது, பக்கவாட்டு வழி. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் இடையில் இருக்கும் மென்மையான இடத்தின் வழியாகப் போவது. சகோதரி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. டிஸ்க் முதுகுத் தோலுக்கு அடியிலேயே இருப்பதில்லை. உடம்பின் ஆழத்தில், ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. ஆகவே விலாப்பக்கமிருந்தும் அதை அடையலாம்.

இந்த வழியைச் சிறு துளை அறுவையாக வளர்த்தவர் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர மருத்துவர் லூயிஸ் பிமென்டா. 2001-இல் மருத்துவர்கள் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். 2006-இல் அமெரிக்க மருத்துவர்களுடன் சேர்ந்து கட்டுரையாக எழுதிய பின் இது 'எக்ஸ்லிஃப்' என்ற பெயரில் பரவியது. இதற்கு முன்பே 1997-இல் ஜெர்மனியின் மேயர் என்ற மருத்துவர், சற்று முன்புறமாகச் சாய்ந்து போகும் ஒரு வழியை எழுதியிருந்தார். அதன் வழிவந்த முறைக்கு 2012 முதல் 'ஓலிஃப்' என்று பெயர். மருத்துவமனைத் தாளில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அறுவை அறையில் என்ன நடக்கிறது?

முழு மயக்கம் கொடுத்து நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். பெரும்பாலும் இடப்பக்கம் மேலே இருக்கும். வலப்பக்கத்துப் பெரிய இரத்தக்குழாய் மெல்லிய சுவர் கொண்டது, எளிதில் கிழியக்கூடியது. இடப்பக்கத்துக் குழாய் தடிமனானது. இடப்பக்கம் மேலே வருவதற்கு இது ஒரு காரணம்.

எக்ஸ்ரே கருவியால் எந்த மட்டம் என்று குறித்துக்கொண்டு, மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவில் தோலைக் கீறுகிறார்கள். தசைகளை அறுக்காமல் நார் வாக்கில் விலக்கி, குடலை மூடியிருக்கும் உறைக்குப் பின்னால் உள்ள கொழுப்புப் பகுதிக்குள் விரலால் வழி செய்கிறார்கள். குடல் தானாகவே முன்னால் சரிந்துவிடுகிறது.

அடுத்து வருவது ஸோவாஸ் என்ற தசை. முதுகெலும்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தொடை எலும்பு வரை இறங்கும் பருமனான தசை. காலைத் தூக்கிப் படி ஏறுவது இதன் வேலை. தொடைக்குப் போகும் நரம்புகளின் பின்னல் இந்தத் தசைக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்லிஃப் முறையில் இந்தத் தசையைத் துளைத்துப் போக வேண்டும். அதனால் காலின் தசைகளில் முன்கூட்டியே மெல்லிய ஊசிகளைப் பொருத்தி, உள்ளே போகும் கருவியின் நுனியில் சிறிய மின்சாரம் செலுத்துகிறார்கள். பக்கத்தில் நரம்பு இருந்தால் கால் தசை துடிப்பது திரையில் தெரியும். உடனே திசையை மாற்றிக்கொள்வார்கள். இது வேலை செய்ய வேண்டுமானால், தசையைத் தளர்த்தும் மருந்தின் வேகம் அந்த நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாது. ஓலிஃப் முறையில் தசையைத் துளைக்காமல், அதற்கும் பெரிய இரத்தக்குழாய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகப் போகிறார்கள். நரம்புக்கு ஆபத்து குறைவு. ஆனால் இரத்தக்குழாய் மிக அருகில் வந்துவிடுகிறது.

பிறகு ஒன்றை விட ஒன்று பெரிதான குழாய்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் செலுத்தி வழியை அகலமாக்கி, டிஸ்க்கை எடுத்துவிட்டு, கூண்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்காக வைக்கிறார்கள். இதன் அகலம் 18 முதல் 22 மி.மீ., நீளம் 45 முதல் 60 மி.மீ. வரை இருக்கும். எலும்பின் ஓர விளிம்புதான் உறுதியான பகுதி. கூண்டின் இரு முனையும் அந்த விளிம்புகளில் உட்காருவதால் பாரம் நன்றாகத் தாங்கும். பின்னர் பலருக்கு முதுகுப் பக்கமிருந்து சிறு துளைகள் வழியே ஸ்க்ரூவும் வைப்பார்கள். ஆகவே 'பக்கவாட்டு அறுவை' என்றால் முதுகில் தொடவே மாட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

இதில் என்ன நன்மை?

முதுகுத் தசை பெரிதாகச் சேதமாவதில்லை. இரத்த இழப்பு குறைவு. பலர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். உயரமான கூண்டு வைத்ததும், சரிந்த கூரையை முட்டுக் கொடுத்துத் தூக்கியது போல எலும்புகள் விலகி, சுருங்கிக் கிடந்த நரம்பு வாசல் திறக்கிறது. நரம்பைத் தொடாமலேயே நெருக்கம் தளர்கிறது.

ஆனால் எல்லா நெருக்கமும் இப்படித் தளராது. டிஸ்க் துண்டு உடைந்து நரம்புக் குழாய்க்குள் கிடந்தாலோ, எலும்பு வளர்ந்து குழாயை அடைத்திருந்தாலோ முதுகு வழியாகப் போய் நேரடியாக எடுத்தாக வேண்டும்.

என்ன ஆபத்து?

நம்மிடம் யாரும் விரிவாகச் சொல்லாதது இந்தப் பகுதிதான்.

அறுவை செய்த பக்கத்துத் தொடையின் முன்புறம் மரத்துப் போவதும், காலைத் தூக்க வலுவில்லாமல் இருப்பதும் இந்த முறையில் அடிக்கடி காண்பது. தசையைத் துளைத்ததால் வருவது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் நரம்புச் சேதம் நீடிக்கிறது, முழங்கால் மடங்கி விழும் அளவுக்குத் தொடை பலவீனமாகிறது. மட்டம் கீழே போகப் போக நரம்புப் பின்னல் முன்னால் நகர்ந்து வழியை மறிப்பதால், எல்4–எல்5 மட்டத்தில் இந்த ஆபத்து அதிகம்.

பெரிய இரத்தக்குழாய், குடல், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றில் காயம் ஏற்படுவது அரிது. ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இரத்தக்குழாய் அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும் மருத்துவமனையில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கூண்டு எலும்புக்குள் அமிழ்ந்துவிடலாம்.

எல்5–எஸ்1 மட்டத்துக்கு நேர்ப் பக்கவாட்டில் போக முடியாது. இடுப்பெலும்பு மறைத்துக்கொள்ளும். சிலருக்கு அந்த மேடு உயரமாக இருந்தால் எல்4–எல்5 மட்டமும் கடினம்.

இரண்டாவது அறுவையில் இந்த வழி ஏன் பேசப்படுகிறது?

முதல் அறுவைக்குப் பிறகும் வலி வரப் பல காரணங்கள் உண்டு. டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை அதே இடத்தில் மீண்டும் பிதுங்கல் காண்கிறார்கள். இணைப்பு அறுவை செய்தவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டுவதில்லை. வேறு சிலருக்கு, இணைத்த எலும்பு அசையாததால் மேலே உள்ள டிஸ்க் கூடுதல் பாரம் சுமந்து சில ஆண்டுகளில் தேய்கிறது. கிருமித் தொற்றும் ஒரு காரணம். சிலருக்கு முதலில் கண்டுபிடித்த காரணமே தவறாக இருந்திருக்கலாம். காரணம் எது என்று தெரியாமல் செய்யும் இரண்டாவது அறுவை, இருட்டில் கல்லெறிவதற்குச் சமம்.

முதல் முறை முதுகு வழியாகப் போயிருந்தால் அங்கே தழும்புத் திசு உருவாகியிருக்கும். காயம் ஆறிய தோல் எப்படிக் கெட்டியாகிறதோ, உள்ளேயும் அப்படித்தான். நரம்பும் அதை மூடிய உறையும் அந்தத் தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி அதே வழியில் பிரித்துப் போகும்போது உறை கிழிந்து நரம்பு நீர் கசியலாம், நரம்பு காயப்படலாம். பக்கவாட்டு வழியில் போனால் அந்தத் தழும்பைத் தொடாமல் இதுவரை கத்தி படாத திசு வழியே டிஸ்க்கை அடையலாம். எலும்பு ஒட்டாதவர்களுக்கும், மேல்மட்டத்து டிஸ்க் தேய்ந்தவர்களுக்கும் இது பெரிய உதவி. தளர்ந்த ஸ்க்ரூவை மாற்ற வேண்டுமானால் முதுகிலும் திறக்கத்தான் வேண்டும், ஆனால் நரம்பின் அருகே போக வேண்டியதில்லை.

செயற்கை டிஸ்க் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இந்தக் கருவியின் முன்னோடியை உருவாக்கியவர்களில் ஒருவர் கிழக்கு ஜெர்மனியின் கரின் புட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்ற பெண்மணி. பின்னர் எலும்பியல் மருத்துவராகி, பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் சக மருத்துவர் ஷெல்நாக்குடன் சேர்ந்து செய்த செயற்கை டிஸ்க் 1984-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இவ்வகை டிஸ்க்குகள் வயிற்று வழியாக வைக்கப்படுகின்றன. அது நகர்ந்தோ தேய்ந்தோ போய் எடுக்க வேண்டி வந்தால், மறுபடி வயிற்று வழியில் போவது மிக ஆபத்தானது. பெரிய இரத்தக்குழாய்கள் தழும்பில் ஒட்டிக்கிடக்கும். எல்5–எஸ்1-க்கு மேலே உள்ள மட்டங்களில் பக்கவாட்டில் நுழைந்து அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூண்டு வைக்க வழியுண்டு.

மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. என் வலிக்குக் காரணம் இந்த மட்டம்தான் என்பது எப்படி உறுதியானது? முதல் அறுவை ஏன் பலிக்கவில்லை? எலும்பு ஒட்டியதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்றா? கிருமித் தொற்று இல்லை என்று பரிசோதித்தாயிற்றா?
2. அறுவை செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?
3. ஏன் இந்த வழி? என் இடுப்பெலும்பின் உயரமும் இரத்தக்குழாய்களின் இடமும் இதற்கு ஏற்றவையா?
4. நரம்பைக் கண்காணிக்கும் மின்கருவி உண்டா?
5. இந்த முறையில் தாங்கள் எத்தனை அறுவைகள் செய்திருக்கிறீர்கள்?
6. முதுகிலும் ஸ்க்ரூ வைப்பீர்களா? அன்றேயா, வேறொரு நாளா? அதன் செலவு மதிப்பீட்டில் சேர்ந்ததா?
7. கூண்டுக்குள் நிரப்பும் எலும்பு எங்கிருந்து வருகிறது? என் இடுப்பிலிருந்தா, தானமாகப் பெற்றதா, செயற்கையா?

கடைசிக் கேள்வி நம்மவர்கள் பலர் மனத்தில் இருப்பது. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மருந்து, மாட்டின் கொலாஜனால் ஆன பஞ்சில் நனைத்து வைக்கப்படுகிறது. மருத்துவரிடம் பொருளைக் கேட்டறிந்து, ஐயமிருந்தால் முன்கூட்டியே ஆலிம்களிடம் விளக்கம் பெறுங்கள். அறுவைக்கு முந்தைய இரவு இதை எண்ணிக் குழம்ப வேண்டாம்.

முடிந்தால் தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடமும் ஒரு முறை காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., முதல் அறுவையின் குறிப்பு, வைத்த ஸ்க்ரூவின் வகை எழுதிய தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது மருத்துவருக்கு அவைதான் வழிகாட்டி.

நம் கையில் இருப்பவை

புகை: பீடி, சிகரெட் எலும்புக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஒட்டுவதைத் தடுக்கிறது. அறுவைக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே விட வேண்டும். எலும்பு ஒட்டும் வரை தொடக் கூடாது. 'இரண்டே இரண்டு' என்பதும் கூடாது.

சர்க்கரை: கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, தொற்று வரும். மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனையை முன்பே செய்யுங்கள்.

எலும்பு அடர்த்தி: ஐம்பதைத் தாண்டிய பெண்கள் அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுத்துக்கொண்டு பிறகு அறுவைக்குப் போவது நல்லது. வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹிஜாமா செய்துகொள்பவர்களும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தோலில் ஆறாத கீறல் இருந்தால் தொற்றுக்கு அது ஒரு வாசல்.

வீடு: வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது நாற்காலி டாய்லெட், பிடித்து எழுந்திருக்கக் கம்பி, கால் வழுக்காத குளியலறை ஆகியவற்றை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். தொடை பலவீனமாக இருக்கும் முதல் வாரங்களில் விழுந்துவிடாமல் காப்பதே பெரிய சிகிச்சை. தரையில் உட்கார்வது, குனிந்து குடம் தூக்குவது எல்லாம் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம்.

தொழுகை: "இனி ஸஜ்தா செய்ய முடியுமா?" என்று கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இணைத்த மட்டத்தில் மட்டுமே அசைவு நிற்கிறது. குனிவதில் பெரும்பங்கு இடுப்பு மூட்டுகளுடையது. எலும்பு ஒட்டிய பிறகு பலர் மீண்டும் ருகூஃவும் ஸஜ்தாவும் செய்கிறார்கள். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நாற்காலியிலோ, முடியாவிட்டால் படுத்தோ தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சலுகையை ஏற்பதில் வெட்கம் எதற்கு? பள்ளியில் நாற்காலியில் தொழுபவரைப் பார்த்து "இந்த வயசுலயா?" என்று கேட்பவர்கள் அதை நிறுத்திக்கொண்டால் அதுவும் ஒரு ஸதகாதான்.

செலவைப் பற்றி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியிருக்கிறது. உங்கள் அறுவை அதில் வருமா, அந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா, கூண்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் தனிப்பணம் கேட்பார்களா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அனுமதியை அறுவைக்கு முன்பே பெற வேண்டும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு நம்மிடம் வருபவர்கள் அதிகம். தயவுசெய்து முதலில் வாருங்கள்.

நமது அறக்கட்டளைக் குழுவும் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி முதுகுத்தண்டு அறுவைக்கு உதவி கேட்டு வரும் விண்ணப்பத்தோடு, மேலே உள்ள ஏழு கேள்விகளுக்கு மருத்துவர் சொன்ன பதிலையும் எழுதித் தர வேண்டும். யாரையும் திருப்பி அனுப்புவதற்காக அல்ல. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே துணைக்கு வருகிறோம். புகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதை விடுவதற்கான உதவியும் சேர்த்தே செய்வோம். உதவித்தொகை ஸகாத் பணத்திலிருந்தும் வருகிறது. அது பயனில்லாமல் போனால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சகோதரரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். அவர் பீடியை விட்டு ஒன்றரை மாதம் கழித்துத்தான் மருத்துவர் தேதி கொடுத்தார். இரத்தக்குழாய்கள் இருக்கும் இடத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, தசையைத் துளைக்காத ஓலிஃப் வழியைத் தேர்ந்தெடுத்தார். அறுவைக்குப் பின் ஐந்து வாரம் இடது தொடை மரத்திருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. இப்போது குச்சி இல்லாமல் பள்ளிக்கு வருகிறார். எலும்பு முழுவதும் ஒட்டியதா என்று ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தில்தான் தெரியும். மூட்டை தூக்க இனி முடியாது. மண்டியில் கணக்கு எழுதும் வேலை பார்த்துத் தர முயன்றுகொண்டிருக்கிறோம். மண்டி, கடை வைத்திருப்பவர்கள் யாரேனும் உட்கார்ந்து பார்க்கும் வேலை தர முடிந்தால், அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபா தருவானாக. ஆமீன்.

— செயலாளர்